கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ வந்து, சாப்பிட்டு, உன் அம்மாவின் கண்ணில் படாமல் டிவிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனாயே, அந்தக் கவரைப் பிரித்துப் படித்துவிட்டேன். நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஒரு வரி விடாமல் படித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாலு பக்கமும் சொல்வது எனக்குப் படிக்கத் தெரியாது என்பதைத்தான்.

வக்கீல் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால், கள்ளப் பணத்தை விசாரிக்கிற அரசாங்க இலாகாவிலிருந்து டெல்லி முத்திரையோடு எனக்கு வந்த நோட்டீஸுக்கு அது பதில். நான் இயக்குநராக இருந்த பயணக் கம்பெனி, வெளிநாட்டு கேசினோ ஒன்றின் வழியாகக் கள்ளப் பணத்தை வெள்ளையாக்கியது, அதற்கு என்ன சொல்கிறாய் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். வக்கீல் சொல்லும் பதில் இது: இவர் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், எழுத்தறிவு இல்லாதவர், தன் பெயரை மட்டும் வரையக் கற்றுக்கொண்டவர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், எதற்கென்று அவருக்குத் தெரியாது. சாப்பிடும்போது நீயும் அதையே வேறு மாதிரி சொன்னாய். "அப்பா, ஒரே ஒரு நாளைக்குப் படிக்காதவனா இருந்துட்டு வாயேன். இன்னா ஆயிடப் போவுது?" பழக்க தோஷம், உன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உன் கேள்விக்குப் பதிலைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஈஸ்டர் முடிந்ததும் உனக்கும் கிருபாவுக்கும் கல்யாணம். கிருபாவின் அப்பா செங்கல்பட்டில் பேர் எடுத்த வாத்தியார். சம்பந்தி மேல் இப்படி ஒரு கேஸ் என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார் என்று உனக்கு இருக்கும் பயம் எனக்கும் இருக்கிறது. ராத்திரித் தூக்கம் போய் மூன்று வாரம் ஆகிறது. ஆனாலும் படிக்காதவன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. வறட்டுக் கௌரவம் என்று நினைத்துக்கொள்ளாதே. முழுக்கப் படி, பிறகு திட்டு.

உன் தாத்தாவை, என் நைனாவை, நீ பார்த்ததில்லை. படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். எந்தத் தாள் வந்தாலும் பெருவிரலை நீட்டுவார், யாராவது பிடித்து மையில் அழுத்தி உருட்டுவார்கள். அந்த ஊதா மையை அவர் தலைமுடியில்தான் துடைத்துக்கொள்வார். என்னத்துக்கு விரல் வைத்தார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்த மனிதருக்குப் பிறந்த நான் பத்தாவது பாஸ் பண்ணி, மாமல்லபுரம் ரோட்டில் அந்த ரிசார்ட்டில் சாப்பாடு பரிமாறும் ஸ்டுவர்ட் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளப் பதிவேட்டில் போடுவதற்காகவே பழைய காலண்டர் தாள்களின் முதுகில் ஒரு வாரம் கையெழுத்துப் பழகினேன். முதல் எழுத்து உயரமாக நிற்கும். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, பெயருக்கு அடியிலேயே ஓடி, இடது ஓரம் வரை திரும்பி வரும். உனக்குத்தான் அந்த வால் நன்றாகத் தெரியுமே.

அதற்குப் பிறகு எனக்குக் கையெழுத்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. கூரியர்காரன் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நான்தான் போடுவேன். கடனுக்கு ஜாமீனா, ரேஷன் மனுவா, பள்ளிக்கூட விண்ணப்பமா, தெருவில் யாராக இருந்தாலும் "அண்ணாத்த, ஒரு கையெழுத்து" என்று வந்து நிற்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். நீ ஏழாவது படிக்கும்போது கணக்கில் ஃபெயிலாகி, ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாய். வால் பாதியிலேயே நின்றுபோயிருந்ததால் மாட்டிக்கொண்டாய். அன்றைக்கு உன்னை அடித்தேன். "கையெழுத்துன்னா உசுருடா, இன்னொருத்தன் உசுர நீ எப்டிடா எடுத்துப் போடுவ" என்று கத்தினேன். அடித்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சிரித்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வயசுக்கு நீ நன்றாகத்தான் போட்டிருந்தாய். உயிர் என்று உனக்குச் சொன்னவன் அதை என்ன விலைக்குக் கொடுத்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

பிரகாஷ் என்று ஒருவர் எங்கள் ரிசார்ட்டுக்கு மாதம் இரண்டு தடவை வருவார். எதற்கும் பேரம் பேசாதவர், குரல் உயர்த்தாதவர். என்னைப் பார்த்து எழுந்து நிற்கிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான். ஒருநாள் பில் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா மாஸ்டர், கவர்னர் கையெழுத்து மாதிரி கீது. இத வச்சிகினு தட்டு எடுத்துகினு கீறியே" என்றார். தம்பி, அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். வேறு எதையும் அவர் காட்டத் தேவையிருக்கவில்லை. அடுத்த மாதமே அவர் தொடங்கிய பயணக் கம்பெனிக்கு நான் இயக்குநர். விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். அதை உன் தாத்தா கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

வேலை இவ்வளவுதான். எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தை விமானத்தில் கூட்டிப்போய் அந்த கேசினோ ஹோட்டலில் தங்கவைக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே எங்கள் கம்பெனி பெயரில் அங்கே யாரோ ரொக்கமாகப் பணம் கட்டியிருப்பார்கள். அதற்குச் சமமாக, சூதாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டமான காயின்கள் எங்கள் கைக்கு வரும். எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து ஒரு நாள் விளையாடுவார்கள். மறுநாள் காயினைத் திருப்பிக் கொடுத்தால், இந்தக் கம்பெனியின் ஆட்கள் விளையாடி ஜெயித்த பணம் என்று கேசினோ ஒரு கடிதம் கொடுத்து, பணத்தை பேங்க் வழியாக அனுப்பும். போன பணத்துக்கு ஊர் பேர் கிடையாது. வந்த பணத்துக்கு லெட்டர்பேடு, சீல், கீழே என் கையெழுத்து எல்லாம் இருக்கும். வெளுப்பது என்று சொல்வது இதைத்தான்.

எனக்குத் தெரியாது என்று வக்கீல் எழுதுகிறார். மூன்றாவது பயணத்திலேயே தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தெரியவில்லை, இருபத்திரண்டு வருஷம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாதா. சீட்டில் தோற்றவன் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துபோவான். ஜெயித்தவன் சாப்பிடாமலே டிப்ஸ் கொடுப்பான். எங்கள் ஆட்கள் இரண்டும் இல்லை. சுற்றுகிற சக்கரத்துக்கு எதிரே இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவன் சிவப்பில் வைத்தால், மற்றவன் அதே தொகையைக் கறுப்பில் வைப்பான். ஒருவன் கையிலிருந்து போவது மற்றவன் கைக்கு வந்துவிடும். எப்போதாவது பச்சைக் கட்டத்தில் குண்டு விழுந்தால் மட்டும் இரண்டு பேருடையதும் கேசினோவுக்குப் போகும். அது அவர்கள் கூலி. யார் முகத்திலும் ஒரு மாற்றமும் இருக்காது. மணி பார்த்து எழுந்துபோய் ஒன்றாக டீ குடிப்பார்கள். சூதாட்டத்தில் முகம் மாறாத பத்துப் பேரை ஒரே இடத்தில் பார்த்தபோது, இவர்கள் ஆட வரவில்லை என்று புரிந்துவிட்டது.

புரிந்த பிறகு என்ன செய்தேன் என்று கேள். யாரோ பணக்காரன் வரி கட்டாமல் ஏய்க்கிறான், அதனால் எந்த ஏழை வயிறு காயப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேளம்பாக்கத்தில் நீ இருக்கும் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்தது அந்த வருஷம்தான். ரிசார்ட்டில் பி.எஃப். வந்தது என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அதுவும் பொய்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னோடு பத்தாவது வரை படித்த டேனியல், நம் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவின் மகன், வெளிநாட்டில் ஹோட்டலில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனானே, அந்த வேலையும் பிரகாஷ் வாங்கிக் கொடுத்ததுதான். ஊரில் தெரிந்த பொறுப்பானவர் ஒருவர் சிபாரிசுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாள் வந்தது. ஸ்டெல்லா அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். "நீ போட்டா போதும் தம்பி, எனக்கு வேற இன்னா கீது" என்றார். வால் இடது ஓரம் வரை வருகிற மாதிரி நன்றாகப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த பயணத்தில் ஒரு மத்தியானம், கூட்டம் விளையாடிக்கொண்டிருந்தபோது, கால் தானாக சமையல்கட்டுப் பக்கம் போனது. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் சமையல்கட்டைப் பார்க்காமல் வரமாட்டேன், அது உனக்குத் தெரியும். அங்கே நீளமான மேஜையில் ஒரே மாதிரி சாப்பாட்டுத் தட்டுகள், சோறும் ஒரு குழம்பும் மட்டும், வரிசை வரிசையாக இருந்தன. அறைகளில் இருந்த விருந்தாளிகளைவிட நாலைந்து மடங்கு தட்டுகள். ஹோட்டல் சிப்பந்திகளோ அவர்களுக்கான அறையில் உட்கார்ந்து வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டேன். சமையல்காரர் விரலை மேலே காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். மேலே நாலு மாடி இருந்தது. எங்கள் லிஃப்டில் அந்த நாலு மாடிக்கும் பொத்தான் கிடையாது.

தட்டுகளை எடுத்துப்போக இரண்டு ஆட்கள் வந்தார்கள், பின்னாலேயே ஒரு காவலாளி. இரண்டில் ஒருவன் டேனியல். என்னைப் பார்த்ததும் அடுக்கிய தட்டுகளோடு அப்படியே நின்றுவிட்டான். காவலாளி சமையல்காரரிடம் நெருப்புப் பெட்டி கேட்கத் திரும்பிய நேரத்தில் முகத்தைத் திருப்பாமலே பேசினான். "சித்தப்பா, மேல எல்லாம் போன் வேலை. போலீஸ் பேசறோம், பேங்க்ல பேசறோம்னு ஊர்ல கீற வயசானவங்கள பயமுறுத்தி துட்டு வாங்கணும். இத்தினி வாங்கலன்னா அடி. பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிகினாங்க. அம்மாவாண்ட சொல்லாதீங்க, தாங்காது." அப்புறம் ஒன்று சொன்னான். "நாங்க வாங்கற துட்டெல்லாம் கீழ காயினா மாறுதாமே, நீங்க பாத்தீங்களா?" வெகுளியாகத்தான் கேட்டான். காவலாளி திரும்பிவிட்டான், இவன் தட்டுகளோடு படியேறிப் போய்விட்டான்.

பார்த்தேனா என்று கேட்டானே, அந்தக் காயின் அப்போது என் சட்டைப் பையிலேயே இரண்டு இருந்தது. எங்கேயோ ஒரு ரிட்டயர்டு மனிதர் தன் ஆயுள் சேமிப்பை, போனில் ஒரு பயமுறுத்தலுக்குப் பயந்து அனுப்புகிறார். அது நாடு நாடாகக் கைமாறி இந்தக் கட்டடத்துக்கு வருகிறது. மேல்மாடியில் டேனியலைத் திருடவைக்கிறார்கள், கீழ்த்தளத்தில் நான் அதை வெளுத்துத் தருகிறேன். அவனை அடித்து வேலை வாங்கினார்கள். எனக்கு ஏ.சி. அறை கொடுத்து, சார் என்று கூப்பிட்டார்கள். எந்த ஏழை வயிறு என்று கேட்டவனுக்கு, என் தெருவிலிருந்தே ஒரு வயிற்றைக் கொண்டுவந்து காட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கேசினோவிலிருந்து வழக்கமான தாள் வந்தது. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். வால் இடது ஓரம் வரை சரியாக வந்தது. திரும்பி வரும்போது விமானத்தில் கொடுத்த முந்திரியைக்கூடச் சாப்பிட்டேன். ஊருக்கு வந்து, பிரஷர் ஏறிவிட்டது என்று பிரகாஷிடம் சொல்லிக் கம்பெனியிலிருந்து விலகினேன். அவர் சிரித்துக்கொண்டே, "உடம்ப பாத்துக்கோ மாஸ்டர். தெருவுல எல்லாரும் சௌக்கியம்தான?" என்று கேட்டார். அது என்ன கேள்வி என்று எனக்குப் புரிந்தது, வாயை மூடிக்கொண்டேன். அந்த வருஷம் நீயும் டேனியல் மாதிரி போகிறேன் என்றாய், நினைவிருக்கிறதா. வேண்டாம் என்றேன், காரணம் சொல்லவில்லை, இரண்டு மாதம் நீ என்னோடு பேசவில்லை. என் பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டேன் தம்பி. அதன் பிறகு செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் போனதாகக் கேள்விப்பட்டேன். பயத்தில் செய்தது என்று சொல்லலாம். பயம் மட்டும் இல்லை, ஃப்ளாட்டும் இருந்தது.

நேற்று நீ கிளம்பிப் போனதும், கவரைப் படித்துவிட்டு, நேராக ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கத்துவார், செருப்பால் அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கத்தவில்லை.

"மாசத்துக்கு ஒருவாட்டி போன்ல வர்றான். எப்ப பாத்தாலும் பின்னால அதே வெள்ள செவுரு. எனக்கும் சந்தேகந்தான். உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ரெண்டு வருசமாக்கா."

பாதியில் நின்ற துணியை மிஷினிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டார். "எளச்சிருந்தானா?"

"எளச்சிருந்தான். கை கால் நல்லா இருந்துச்சு."

"நீ அவனுக்கு எதனா வாங்கிக் குடுத்தியா, சாப்பிட?"

தம்பி, இருபத்திரண்டு வருஷம் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் பரிமாறியவன் நான். அந்தப் பிள்ளை கையில் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. "இல்லக்கா" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார், "போவும்போது நீதான கையெழுத்து போட்ட. வர்றதுக்கும் நீயே போடு."

அதனால்தான் படிக்காதவனாக என்னால் இருக்க முடியாது. எனக்கு எதுவும் தெரியாது என்றால், அந்தக் கட்டடமும் எனக்குத் தெரியாது, லிஃப்டில் பொத்தான் இல்லாத நாலு மாடியும் தெரியாது, டேனியலை நான் பார்க்கவே இல்லை. கண்ணால் பார்த்து, ஊருக்குத் திரும்பி வந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். நான் சொன்னால் அவன் வந்துவிடுவானா என்று தெரியாது. சொல்லாவிட்டால் வரமாட்டான். என் நைனா தெரியாமல் விரல் வைத்தார், அது அவர் குற்றமில்லை. நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். அவருடைய தெரியாமையை இரவல் வாங்கி நான் ஒளிந்துகொண்டால், அந்த மனிதர் மையைத் தலையில் துடைத்துக்கொண்டு திரிந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

ஃப்ளாட்டைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். அதை முடக்கினாலும் முடக்குவார்கள். கிருபாவிடம் நீயே சொல், இன்னொருவர் வாய் வழியாக அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாது. அவளுடைய அப்பாவிடம் நான் போய்ச் சொல்கிறேன். கல்யாணம் நடக்கும் என்றோ நிற்கும் என்றோ எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்படி நின்றால் அதற்குக் காரணம் நான்தான், நீ இல்லை. அதை நீ என் முகத்துக்கு நேரே சொல்லலாம். உன் அம்மாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் நாளைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

இனிக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். அந்தக் கவரை டிவிக்குப் பின்னால் செருகும்போது நீ என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. "படிச்சி மட்டும் வச்சிக்கோப்பா. கூப்ட்டா இதையே சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாய். நீ கொடுத்தது நகல். அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. முதல் எழுத்து உயரமாக, அழகாக நிற்கிறது. வால் மட்டும் இடது ஓரம் வரை வரவில்லை, ஏழாவது வகுப்பில் நின்ற அதே இடத்தில் நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்கு இருந்த தவிப்பு அந்த வாலில் தெரிகிறது. நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அசல் தாள் வக்கீலிடம் இருக்கிறது, புதன்கிழமை அதை நோட்டீஸ் அனுப்பியவர்களிடம் கொடுத்துவிடுவார். இன்று திங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். பார்த்ததும் கிளம்பிப் போய் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய், ரயில் பிடித்து, நோட்டீஸில் வரச் சொன்ன அந்த அலுவலகத்தில் நானே போய் உட்காரப் போகிறேன். எல்லாவற்றுக்கும் உண்மை சொல்வேன். அந்தத் தாள் அங்கே வந்து சேர்ந்தால், இது உங்கள் கையெழுத்தா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். அப்புறம், யார் போட்டது என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு நான் பொய்தான் சொல்வேன். அந்தப் பொய்யை என்னிடம் வாங்காதே தம்பி.

இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு அங்கே பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டியிருக்கும். உனக்கு இது போதும்.

அப்பா